ஆறு கார், மூன்று ஜோடி

2005 ஜூன் 19. இண்டியானாபோலிஸில் அமெரிக்க கிராண்ட் பிரீ. இருபது கார்களும் ஃபார்மேஷன் சுற்றை ஒழுங்காகவே ஓடி வந்தன. சுற்று முடியப்போகும் நேரத்தில், முதலாவதாக வந்த யார்னோ ட்ருல்லியின் டொயோட்டா மெல்ல ஒதுங்கி பிட் லேனுக்குள் புகுந்தது. அதன் பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால் இன்னொன்று என்று பதினான்கு கார்கள் உள்ளே போய்விட்டன. கோட்டில் வந்து நின்றவை ஆறு. ஐந்தாவது கட்டத்தில் மைக்கேல் ஷூமாக்கரின் ஃபெராரி, ஏழாவதில் ரூபன்ஸ் பாரிக்கெல்லோவின் ஃபெராரி. அதற்குப் பின்னால் ஒரு பொட்டல். கோடியில் இரண்டு மஞ்சள் ஜோர்டன், இரண்டு கறுப்பு மினார்டி.

பத்தொன்பதாவது கட்டத்தில் நின்ற ஜோர்டனுக்குள் ஒரு கோயம்புத்தூர்க்காரர் உட்கார்ந்திருந்தார்.

கோவையில் அப்போது இரவு பதினொன்றரை. கணபதியில் ஒரு லேத் பட்டறை முதலாளியின் வீட்டு முன்னறையில் ஏழெட்டுப் பேர் தரையில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு பையன்தான் வயதில் சின்னவன். பம்ப்செட் ஷாஃப்ட் கடையும் வேலைக்குச் சேர்ந்து அதிக நாளாகவில்லை. ஃபார்முலா ஒன் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் நரேன் கார்த்திகேயன் என்ற பெயரும், சிவப்புக் கார்தான் எப்போதும் ஜெயிக்கும் என்ற கேள்விஞானமும்தான்.

“ஏனுங்ணா, மத்த வண்டியெல்லாம் எங்கீங்க?”

“டீ குடிக்கப் போயிருப்பாங்க. நீ பாரு கண்ணு” என்றார் முதலாளி.

சிரிக்காமல் இருந்தவர் மேஸ்திரி மட்டும்தான். “டயருங்க” என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அந்தக் காலத்தில் சோழவரம் விமான ஓடுதளப் பந்தயங்களைப் பார்க்க லாரி பிடித்துப் போனவர் அவர். கோவையின் கரிவரதன் மாருதி என்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்கள் செய்தபோது அவற்றுக்கு புஷ் கடைந்து கொடுத்ததாகவும் சொல்லிக்கொள்வார். அதை யாரும் விசாரித்துப் பார்த்ததில்லை. கரிவரதன் 1995இல் விமான விபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டதால் விசாரிக்கவும் வழியில்லை. ஆனால் டயர் விஷயத்தில் மேஸ்திரி சொன்னது சரி.

நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் ரால்ஃப் ஷூமாக்கரின் டொயோட்டா பதின்மூன்றாவது வளைவில் சுவரில் மோதியது. இடப்பக்கப் பின் டயர் கிழிந்திருந்தது. இண்டியானாபோலிஸ் அடிப்படையில் ஓவல் தளம். ஃபார்முலா ஒன் 2000இல் அங்கே வந்தபோது, ஓவலுக்கு நடுவே வளைந்து நெளியும் ஒரு பாதை போட்டு, ஓவலின் ஒரு பகுதியை எதிர்த்திசையில் ஓடும்படி அதோடு சேர்த்தார்கள். அந்தப் பகுதியில் இருக்கிறது பதின்மூன்றாவது வளைவு. தளமே ஒன்பது டிகிரிக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சாய்ந்திருக்கும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல் மணிக்கு 300 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் அதைக் கடக்க வேண்டும். சாய்வு காரைக் கீழே அழுத்த, அந்தப் பாரம் முழுக்க வெளிப்புறத்து இடப்பக்கப் பின் டயரின் பக்கச்சுவரில் இறங்கும். மிஷெலின் கொண்டுவந்த டயரால் அதைத் தாங்க முடியவில்லை. பந்தய தூரம் 73 சுற்று. தங்கள் டயர் பத்துச் சுற்றுக்கு மேல் பத்திரமில்லை என்று அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது.

பிரிட்ஜ்ஸ்டோனுக்கு இந்தத் தலைவலி இல்லை. அதன் துணை நிறுவனமான ஃபயர்ஸ்டோன்தான் இண்டி 500 பந்தயத்துக்கு டயர் கொடுத்துவந்தது. அந்தத் தளத்தின் குணம் அவர்களுக்கு அத்துப்படி. பத்து அணிகளில் ஏழு மிஷெலின் பக்கம். பிரிட்ஜ்ஸ்டோனில் ஓடியவை ஃபெராரி, ஜோர்டன், மினார்டி மூன்றும்தான். ஒன்று சாம்பியன் அணி. மற்ற இரண்டும் பட்டியலின் அடிமட்டம். அந்த ஆறு கார்களின் கணக்கு இப்படித்தான் வந்தது.

டயர் சரியில்லை என்றால் நடுவில் மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே என்று பட்டறையில் ஒருவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். 2005இல் மட்டும் ஒரு விசித்திர விதி இருந்தது: தகுதிச் சுற்றுக்கும் பந்தயத்துக்கும் சேர்த்து ஒரே செட் டயர். பஞ்சரானால், சேதமானால் மட்டுமே மாற்றலாம். மூன்று வாரம் முன்பு நூர்பர்க்ரிங்கில் கிமி ராய்க்கோனன் தேய்ந்துபோன ஒரு டயரோடு முதலிடத்தில் ஓடி, அது உதறிய உதறலில் கடைசிச் சுற்றில் சஸ்பென்ஷன் முறிந்து வெளியே போயிருந்தார். அதே விதி ஃபெராரியையும் அந்த ஆண்டு முழுக்கப் படுத்தியது. 2004இல் பதினெட்டுப் பந்தயங்களில் பதினைந்தை வென்ற அணி, 2005இல் முதல் எட்டுப் பந்தயங்களில் ஒன்றைக்கூட வெல்லவில்லை. நீண்ட தூரம் தாங்கும் டயர் செய்வதில் பிரிட்ஜ்ஸ்டோன் பின்தங்கிவிட்டது என்று எல்லாரும் எழுதினார்கள். ஒன்பதாவது பந்தயத்தில் பார்த்தால், தாங்கிய டயர் அவர்களுடையது.

சனிக்கிழமை இரவும் ஞாயிறு காலையும் பேச்சுவார்த்தை நடந்தது. வளைவுக்கு முன்னால் ஒரு தற்காலிகச் சிக்கேன், அதாவது குறுகிய நெளிவு, வைத்து வேகத்தைக் குறைக்கலாம் என்றது மிஷெலின் தரப்பு. ஒன்பது அணிகள் சரி என்றன. ஃபெராரி அது தன் வேலை இல்லை என்று ஒதுங்கியது. மேக்ஸ் மோஸ்லி தலைமையில் இருந்த உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ முடியவே முடியாது என்றது. தளத்தைக் கடைசி நேரத்தில் மாற்றுவது, சரியான டயரோடு வந்தவர்களுக்கு இழைக்கும் அநீதி என்பது அவர்கள் வாதம். வேண்டுமானால் மிஷெலின் கார்கள் அந்த வளைவில் மெதுவாகப் போகட்டும், அல்லது ஒவ்வொரு சுற்றிலும் பிட் லேன் வழியாகப் போகட்டும் என்றார்கள். சட்டப்படி பார்த்தால் எஃப்ஐஏ சொன்னதில் பிழை கண்டுபிடிப்பது கடினம். மைதானத்தில் காசு கொடுத்து உட்கார்ந்திருந்த ஒரு லட்சம் பேருக்கும் மேற்பட்டவர்களைப் பற்றி அந்த வாதத்தில் ஒரு வரிகூட இல்லை என்பது வேறு விஷயம்.

மினார்டி முதலாளி பால் ஸ்டோடர்ட் சிக்கேனுக்காகக் கத்தியவர்களில் முன்வரிசை. அவரும் ஓடாமல் இருக்கவே நினைத்தார். ஆனால் ஜோர்டன் ஓடப்போகிறது என்று தெரிந்ததும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. கடைசி இடத்துக்கு வருடம் முழுக்க மல்லுக்கட்டுகிற இரண்டு அணிகள் அவை. எதிராளி புள்ளி எடுப்பதை எப்படி வேடிக்கை பார்ப்பது? மனசில்லாமல் தன் கார்களையும் இறக்கினார்.

சிவப்பு விளக்கு, புறப்பாடு எல்லாம் முறைப்படி நடந்தன. மைதானத்தில் ஊளை எழுந்தது. டிவியிலேயே கேட்டது. தளத்தில் பாட்டில் விழுந்தது. காசைத் திருப்பிக் கொடு என்று கோஷம் போட்டார்கள். கட்டைவிரலைக் கவிழ்த்துக் காட்டிய ஒரு பெரியவரைக் கேமரா அடிக்கடி காட்டியது.

பட்டறை வீட்டில் யாரும் ஊளையிடவில்லை. ஆறு பேர் ஓடுகிறார்கள், முதல் எட்டு இடத்துக்குப் புள்ளி உண்டு, நம் ஊர்க்காரர் முடித்தாலே போதும் என்ற கணக்கு அதற்குள் எல்லார் மனதிலும் ஓடிவிட்டது. அதுவரை நரேனுக்குக் கிடைத்த சிறந்த இடம் மலேசியாவில் பதினொன்று. 1977இல் பொங்கல் நாளில் பிறந்தவர், அப்பா ஜி. ஆர். கார்த்திகேயன் தேசிய ராலி சாம்பியன். ஸ்ரீபெரும்புதூரில் மாருதி என்ஜின் காரில் தொடங்கி, 1996இல் ஃபார்முலா ஆசியா பட்டம், பிறகு பிரிட்டிஷ் ஃபார்முலா 3 என்று ஒவ்வொரு படியாக ஏறி, 2005 மார்ச்சில் மெல்போர்னில் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனவர். இந்த விவரமெல்லாம் அன்று அவனுக்குத் தெரியாது. மேஸ்திரி சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டான்.

முன்னால் இரண்டு சிவப்புக் கார்கள். அவற்றைத் தொட ஆளில்லை. மற்ற நான்கும் வேறு ஏதோ பந்தயத்தில் ஓடுவதுபோல் பின்தங்கிக்கொண்டே போயின. எரிபொருள் நிரப்பும் நிறுத்தம் ஒன்றுக்குப் பிறகு பாரிக்கெல்லோ முன்னால் வந்தார். அடுத்த நிறுத்தம் முடிந்து ஷூமாக்கர் பிட் லேனிலிருந்து வெளியேறும்போது முதல் வளைவில் இரண்டு கார்களும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன. ஷூமாக்கர் விட்டுக்கொடுக்கவில்லை. பாரிக்கெல்லோ புல்லில் இறங்கி ஏறினார். 73 சுற்றில் நிஜமான சண்டை என்று சொல்லத்தக்கது அந்த ஒரு கணம்தான். அதற்கும் பிறகு அணி இருவரையும் அடக்கி ஓட்டச் சொல்லிவிட்டது. எதிரியே இல்லாத களத்தில் சொந்த அணி ஆளோடு மோதி இரண்டு காரையும் இழந்தால் அந்த அவமானத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

அறையில் இதைப் பார்த்து மேஸ்திரி மட்டும் கடுப்பானார். அவருக்கு பாரிக்கெல்லோ மேல் ஒரு பரிவு உண்டு. 2002இல் ஆஸ்திரியாவில் பந்தயம் முழுக்க முன்னால் ஓடிய பாரிக்கெல்லோ, அணியின் கட்டளைக்காகக் கோட்டுக்குச் சில மீட்டர் முன்னால் ஷூமாக்கருக்கு வழிவிட்டார். அன்றும் கூட்டம் ஊளையிட்டது. ஷூமாக்கர் தர்மசங்கடத்தில் அவரை மேடையின் உச்சிப் படியில் ஏற்றிவிட்டார். அந்த மேடைக் குளறுபடிக்கு எஃப்ஐஏ பத்து லட்சம் டாலர் அபராதம் போட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், இதே இண்டியானாபோலிஸில், இரண்டு ஃபெராரிகளும் பக்கத்துப் பக்கத்தில் கோட்டைக் கடக்கப் பார்த்து, 0.011 வினாடியில் பாரிக்கெல்லோ ஜெயித்தார். திட்டமா, விளையாட்டா என்று யாருக்கும் விளங்கவில்லை. ஒரே அணியின் இரண்டு பேர் மற்ற எல்லாரையும் விட வேகமாக இருந்துவிட்டால், யார் ஜெயிப்பது என்பதை ஓடுதளம் தீர்மானிப்பதில்லை. பிட் சுவரில் ஹெட்ஃபோன் மாட்டி உட்கார்ந்திருக்கும் ஆள் தீர்மானிக்கிறார். ரசிகனுக்குக் கிடைப்பது அவர் விட்டுக்கொடுத்த மிச்சம்.

நள்ளிரவு தாண்டியது. இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். முதலாளியம்மா காபி கொண்டுவந்து வைத்தார். கேமரா பெரும்பாலும் சிவப்புக் கார்களையே காட்டியது. நடுநடுவே மஞ்சள் கார் வந்தால் அது எந்த மஞ்சள் கார் என்பதில் சண்டை. நரேனின் சக ஓட்டுநர் போர்ச்சுகலின் டியாகோ மொன்டெய்ரோ. இருவரின் காரும் அச்சு அசல் ஒன்று. ஹெல்மெட்டை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும்.

“முன்னால போறது யாரு?” என்று ஒருவர் கேட்க, “அந்தப் போர்ச்சுகீசுப் பையன்” என்றார் மேஸ்திரி. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவரே சொன்னார்: “பதினாலு வண்டி நின்னுட்டதுனால நம்ம பையனுக்கு நாலாவது எடம்னு நாளைக்கு எல்லாரும் பேசுவாங்க. அது இல்லீங்க கணக்கு. அதே வண்டி, அதே டயரு. அவன் மூணாவது, இவன் நாலாவது. மூணாவதா வந்திருந்தா மேடைல நின்னிருப்பான்.”

அன்று பரிசு மேடைக்கும் கோவைக்கும் இடையில் நின்றது மிஷெலினும் இல்லை, ஃபெராரியும் இல்லை. ஒரே ஒரு மஞ்சள் கார்.

பிறகு யோசித்தபோது அந்தப் பந்தயமே மூன்று தனித்தனிப் பந்தயம் என்று அவனுக்குப் பட்டது. ஃபெராரிக்குள் ஒன்று, ஜோர்டனுக்குள் ஒன்று, மினார்டிக்குள் ஒன்று. முடிவும் ஜோடி ஜோடியாகவே வந்தது. ஷூமாக்கர் முதல், ஒன்றரை வினாடி பின்னால் பாரிக்கெல்லோ. ஒரு சுற்றுப் பின்தங்கி மொன்டெய்ரோ, நரேன். இரண்டு சுற்றுப் பின்தங்கி கிறிஸ்டியன் ஆல்பர்ஸ், பாட்ரிக் ஃப்ரீசாக்கர். ஃபார்முலா ஒன்னில் காரைக் கழித்துவிட்டு மனிதனை மட்டும் அளக்க வேறு வழியே கிடையாது. ஒரே காரை ஓட்டும் இன்னொருவனோடுதான் அளக்க வேண்டும். சாதாரணப் பந்தயத்தில் அந்த அளவு இருபது கார் நெரிசலில் மறைந்துபோகும். இண்டியானாபோலிஸில் அது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. பந்தயம் கேலிக்கூத்து என்று எழுதியவர்கள் இதைக் கவனிக்கத் தவறிவிட்டார்கள்.

பரிசளிப்பு மேடை இன்னொரு வேடிக்கை. ஃபெராரிக்காரர்கள் இருவரும் ஷாம்பெயினைத் தொடாமல், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கோப்பையோடு இறங்கிப் போய்விட்டார்கள். ஷூமாக்கருக்கு அது 84ஆவது வெற்றி; அந்த ஆண்டின் ஒரே வெற்றியும் அதுதான். மொன்டெய்ரோ மட்டும் மேடையிலேயே நின்று, தனி ஆளாக ஷாம்பெயினைப் பீய்ச்சிக்கொண்டு குதித்தார். அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. ஏன் சிரிக்க வேண்டும்? டயரைச் செய்தது அவர் இல்லை, சிக்கேனை மறுத்தது அவர் இல்லை. 73 சுற்று ஓட்டச் சொன்னார்கள். மூன்றாவது இடத்துக்கு உரிய தூரத்தைப் பிழையில்லாமல் ஓட்டிவிட்டு வந்தார். போர்ச்சுகல்காரர் ஒருவர் ஃபார்முலா ஒன் மேடை ஏறியது அதுவே முதல் முறை.

திங்கட்கிழமை காலை முதலாளி ஜிலேபி வாங்கி வைத்திருந்தார். நரேனுக்கு ஐந்து புள்ளி. ஃபார்முலா ஒன்னில் புள்ளி எடுத்த முதல் இந்தியர். பக்கத்துப் பட்டறைக்காரர் ஜிலேபியை எடுத்துக்கொண்டே, “ஆறு பேருல நாலாவதுக்கு இத்தனை அலப்பறையா?” என்றார். ஆறாம் வகுப்பில் ஆறு பேர் பரீட்சை எழுதினால் நான்காவது வருவது சாதனையா என்ற கேலி அன்று ஊருக்கே பிடித்திருந்தது. முதலாளிக்குக் கோபம். மேஸ்திரிக்குக் கோபமில்லை. ஜிலேபியையும் எடுக்கவில்லை, சர்க்கரை வியாதி.

கணக்குத் தீர்க்கும் படலம் அமெரிக்காவிலும் நடந்தது. டிக்கெட் வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாக மிஷெலின் அறிவித்தது. அடுத்த ஆண்டுப் பந்தயத்துக்கு இருபதாயிரம் டிக்கெட் வாங்கி, வந்து ஏமாந்தவர்களுக்கு வழங்கவும் ஒப்புக்கொண்டது. பந்தயத்தில் இறங்காத ஏழு அணிகள் மீது எஃப்ஐஏ வழக்குத் தொடுத்து, பிறகு தானே விடுவித்தது. டயர் மாற்றக்கூடாது என்ற விதி 2006இல் எடுக்கப்பட்டது. அந்த ஆண்டு முடிவில் மிஷெலினும் ஃபார்முலா ஒன்னை விட்டு வெளியேறியது. 2006 இண்டியானாபோலிஸில் எல்லா அணிகளும் ஓடின. அப்படியும் முதல் இரண்டு இடம் ஃபெராரிக்கே: ஷூமாக்கர், ஃபெலிப்பே மாஸா. பாரிக்கெல்லோ அதற்குள் ஹோண்டாவுக்கு மாறியிருந்தார்.

நரேனுக்கு அடுத்த இருக்கை எளிதில் கிடைக்கவில்லை. ஜோர்டன் என்ற பெயரே அந்த சீசனோடு மறைந்தது. வில்லியம்ஸில் சோதனை ஓட்டுநர் வேலை, ஏ1 ஜிபி பந்தயங்கள் என்று போய், 2011இல் ஹெச்ஆர்டி என்ற ஸ்பானிய அணியில் மீண்டும் வந்தார். காரின் வேகம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அதுவும் பாதி சீசனில் பறிபோனது. ஆஸ்திரேலியாவின் டேனியல் ரிக்கியார்டோ என்ற இளைஞரை அந்த இருக்கையில் உட்காரவைத்தார்கள்.

அதே ஆண்டு அக்டோபர் 30இல் கிரேட்டர் நொய்டாவில் முதல் இந்திய கிராண்ட் பிரீ. சொந்த நாட்டுப் பந்தயம் என்பதால் நரேனுக்கு ஒரு காரைக் கொடுத்தார்கள்; சக ஓட்டுநர் ரிக்கியார்டோ. அந்தப் பட்டறைப் பையன் அப்போது திருப்பூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் சிஎன்சி மெஷின் பார்த்துக்கொண்டிருந்தான். பந்தயத்தை செபாஸ்டியன் வெட்டல் வென்றார். பேப்பரில் பாதிப் பக்கம் அவர் படம். நரேன் பதினேழாவது. புள்ளி கிடையாது, யாரும் ஜிலேபி வாங்கவில்லை.

அன்று இரவு மேஸ்திரியிடமிருந்து போன் வந்தது. “பதினெட்டாவது யாருன்னு பாத்தியா கண்ணு?”

ரிக்கியார்டோ. பின்னாளில் எட்டு கிராண்ட் பிரீ வென்ற அதே ஆள்.

“அதே வண்டி” என்றார் மேஸ்திரி. பிறகு பட்டறையில் லேத் பெல்ட் அறுந்த கதையைச் சொல்லத் தொடங்கினார்.